உளியும் மொழியும்: சீனத்தின் புதிய மரச்செதுக்குக் கலை பிறந்த வரலாறு

1931ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆந் திகதி தொடக்கம் 22ஆந் திகதி வரை, ஷங்காய் நகரில், யப்பானிய மொழிப் பள்ளியொன்றின் அறையிலே சிறு வகுப்பொன்று நடைபெற்றது. மாணவர் பதின்மூவர். நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு வகுப்பு முடிவுறும். கற்பிக்கப்பட்டது, மரப்பலகையிற் படஞ் செதுக்கி அதனைத் தாளில் அச்சிடும் கலை. கற்பித்தவர் யப்பானியர், தம் தாய்மொழியிலேயே கற்பித்தார். கற்றவர் சீன இளைஞர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று மொழிபெயர்த்தவர், அன்றைய சீனத்தின் தலைசிறந்த எழுத்தாளரான லூசுன். அப்போது அவர் ஐம்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

மொத்தம் ஆறு நாட்கள், பன்னிரண்டு மணித்தியாலங்கள். எனினும் சீனத்தின் புதிய மரச்செதுக்குக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வகுப்பிலிருந்தே தம் கதையைத் தொடங்குகின்றனர். ஓவியத்தின் இலக்கணத்தையே இன்னும் முற்றக் கல்லாத இளைஞர், முன்பின் பழகாத ஒரு தொழில்நுட்பத்தை, தமக்கு விளங்காத மொழியிற் பேசிய ஆசிரியரிடம், இத்துணைக் குறுகிய காலத்திற் கற்றனர். கற்றதைத் தம் நாட்டு மக்களின் போராட்டக் கருவியாக்கினர். இஃது எங்ஙனம் இயன்றது? கல்விமொழி பற்றிய வாதங்களிடையே வாழும் ஆசிரியரும் மாணவரும் நுணுகி நோக்கத்தக்க வினா இது என்பது நமது எண்ணம்.

முதலில் ஒரு வரலாற்று முரணைக் குறிப்பிடுதல் வேண்டும். மரத்திற் செதுக்கி அச்சிடுதல் சீனருக்குப் புதிய வித்தையன்று. தூன்ஹுவாங் குகையிற் கண்டெடுக்கப்பட்டு இன்று இலண்டனில் வைக்கப்பட்டிருக்கும் வச்சிரச்சேதிகா சூத்திரம் 868ஆம் ஆண்டில் அச்சிடப்பட்டது. காலம் பொறிக்கப்பட்ட அச்சு நூல்களுள் இற்றைவரை கிடைத்தவற்றில் முழுமையான மிகப் பழைய நூல் அதுவே. அதன் முகப்பிலே புத்தர் தம் சீடருக்கு உபதேசிக்கும் காட்சி மரத்திற் செதுக்கி அச்சிடப்பட்டுள்ளது. சீனத்திலிருந்து இவ்வித்தை யப்பானுக்குச் சென்றது. யப்பானியரின் வண்ண மர அச்சுப்படங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியரைப் பெரிதும் ஆட்கொண்டன. பின்னர் ஐரோப்பியக் கலைக் கருத்துக்கள் யப்பானுக்குத் திரும்பி வந்து, அங்கு புதியதோர் அச்சுப்பட இயக்கத்தைத் தோற்றுவித்தன. இந்நீண்ட சுற்றின் இறுதியிலேயே, அக்கலை பிறந்த மண்ணின் மைந்தர் அதனை யப்பானியர் ஒருவரிடங் கற்க நேர்ந்தது.

பிறந்த நாட்டிலே அக்கலை மறைந்துவிட்டதா எனின், இல்லை. கோயிற் படங்களிலும், புத்தாண்டில் வீட்டுக் கதவுகளில் ஒட்டும் படங்களிலும், கடிதத் தாள்களிலும் அது வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே தொழில் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர், அச்சிடுபவர் இன்னொருவர். செதுக்குபவர் வரைந்தவரின் தூரிகைக்கு ஏவலாளர். அவர் பெயரை அறிவாருமில்லை, அறிய விரும்புவாருமில்லை. யப்பானிலும் நிலைமை இதுவே. அங்கு 1904ஆம் ஆண்டில் யமமோட்டோ கனாயே என்னும் இளைஞர், மீனவர் ஒருவரின் உருவத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டு வெளியிட்டார். புதிய அச்சுப்பட இயக்கத்தின் தொடக்கமென அப்படத்தைக் கொள்வது மரபு. சிந்திக்கும் மூளையும் உளி பிடிக்கும் கையும் ஒரே மனிதருக்கு உரியனவாதல் வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் உயிர்நாடி. அச்சுப்படத்தைக் குறிக்கச் சீனர் இன்று வழங்கும் பன்ஹுவா என்ற சொல், யப்பானியரின் ஹங்கா என்ற சொல்லிலிருந்து வந்ததே. எழுத்துக்கள் இரு மொழியிலும் ஒன்று. ஒலி மட்டும் வேறு.

இக்கலையின்பால் லூசுனை ஈர்த்தது வெறும் அழகுணர்ச்சியன்று. அச்சகமும் பணமும் ஆட்சியாளர் கையில் இருந்தன. எண்ணெய் வண்ண ஓவியத்துக்குத் துணியும் வண்ணமும் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கி வரைந்தாலும் அது ஒரு செல்வரின் சுவரிலே தொங்கும். மரச்செதுக்குக்கோ ஒரு பலகை, சில உளிகள், சிறிது மை, தாள் ஆகியன போதும். ஒரு பலகையிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். உலோகத் தகடு செய்ய வசதியற்ற சிறு பத்திரிகை, அப்பலகையையே அச்செழுத்துக்களுடன் சேர்த்து அடிக்கலாம். ஆகவே விரைவும் மலிவும் வேண்டிய காலத்துக்கு ஏற்ற கலை இதுவே என அவர் கண்டார். 1929ஆம் ஆண்டில் ரோ ஷி முதலிய இளம் எழுத்தாளருடன் சேர்ந்து பிறநாட்டு மரச்செதுக்குப் படங்களின் தொகுதிகளை வெளியிட்டார். 1931 பெப்ரவரி 7ஆந் திகதி ரோ ஷியும் வேறு நான்கு இடதுசாரி எழுத்தாளரும் ஷங்காயிற் கோமின்தாங் ஆட்சியினராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாம் பேசும் வகுப்பு அதன்பின் ஆறு மாதங்கள் கழித்து நடந்தது.

ஆசிரியர் யார்? ஷங்காயிற் புத்தகக் கடை நடத்திய உச்சியாமா கன்சோ என்னும் யப்பானியர் லூசுனின் நெருங்கிய நண்பர். அவருடைய தம்பி உச்சியாமா ககிச்சி, ரோக்கியோவில் செய்ஜோ என்னும் பள்ளியிலே சிறுவருக்கு ஓவியங் கற்பித்த ஆசிரியர். கோடை விடுமுறையைக் கழிக்க அண்ணனிடம் வந்திருந்தார். புகழ்பெற்ற கலைஞரல்லர், கலைக்கழகப் பேராசிரியருமல்லர். குழந்தைகளின் கையில் உளியைக் கொடுத்து, விரல் வெட்டுப்படாமல் வேலை வாங்கத் தெரிந்தவர். தொடக்கநிலையினருக்கு இத்தகைய ஆசிரியரே வேண்டும் என்பதை லூசுன் உணர்ந்திருத்தல் வேண்டும். அவர் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே ககிச்சி வகுப்பெடுக்க இசைந்தார். மாணவருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பதினெட்டுக் கலைக்கழகம் என்ற இளைஞர் சங்கத்தினர். சீனக் குடியரசின் பதினெட்டாம் ஆண்டாகிய 1929இல் தோன்றியமையால் அச்சங்கம் அப்பெயர் பெற்றது. தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த ஜியாங் ஃபெங், சென் தியெகெங் முதலியோர் அவ்வகுப்பில் அமர்ந்திருந்தனர்.

மரச்செதுக்கைத் தொடங்குபவர் எதிர்கொள்ளும் இடர்கள் யாவை? முதலாவது, எல்லாம் தலைகீழ். பலகையில் இடப்புறம் உள்ளது தாளில் வலப்புறமாகும். எழுத்துக்களைக் கண்ணாடியிற் காண்பதுபோல் திருப்பிச் செதுக்குதல் வேண்டும். இரண்டாவது, தூரிகை இட்ட கோடு கருமையாகும். உளி இட்ட கோடோ வெண்மையாகும். வெட்டி எறிந்த இடம் ஒளி. விட்டுவைத்த இடம் இருள். ஆதலால் தூரிகையிற் பழகிய கை தன் பழக்கத்தை மறந்து, எதைச் சேர்ப்பது என்று எண்ணாமல் எதை நீக்குவது என்று எண்ணப் பழகுதல் வேண்டும். மூன்றாவது, மரத்துக்கும் ஒரு போக்கு உண்டு. நீளவாக்கில் அறுத்த பலகையில் இழையோடு வெட்டினால் உளி வழுக்கி ஓடும். குறுக்கே வெட்டினால் சிராய் எழும். நகவுளி ஒருவகைக் கோட்டையும் முக்கோண உளி வேறுவகைக் கோட்டையும் தரும். நான்காவது, அச்சிடும் பதம். மை மிகுந்தால் நுண்கோடுகள் அடைபடும். குறைந்தாற் கருமை திட்டுத்திட்டாகும். மூங்கில் மடலாற் பொதியப்பட்ட பரேன் என்னும் வட்டமான கருவியால் தாளின் முதுகைத் தேய்க்கும்போது எவ்வளவு அழுத்துவது என்பதைக் கை ஒன்றே அறியும்.

இவற்றுட் பல, எம்மொழியிலும் வாயாற் சொல்லி முடிக்க இயலாதவை. ஆசிரியர் உளியைப் பிடிக்கும் கோணத்தைக் கண்ட மாணவனுக்கு வினைச்சொல் தேவையில்லை. தொழிற் கல்வியில் மொழித் தடை நாம் அஞ்சும் அளவுக்கு உயர்ந்ததன்று என்பதற்கு இது முதற் காரணம்.

ஆனால் கண்டு பழகுதலோடு கல்வி முடிந்துவிடுமாயின் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படார். இவ்வாறு வெட்டுக என்பதைக் கை காட்டும். ஏன் இவ்வாறு வெட்டவேண்டும் என்பதையும், பிறர் எவ்வாறு வெட்டினர், நாம் எதற்காக வெட்டுகிறோம் என்பதையும் மொழியே கூறும். லூசுன் நாள்தோறும் தமது சேகரிப்பிலிருந்து அச்சுப்படங்களையும் நூல்களையும் சுமந்து வந்து மாணவரிடையே சுற்றுக்கு விட்டார். ஆசிரியரின் சொல்லை மட்டுமன்றி அச்சொல்லுக்குப் பின்னால் நின்ற கலையுலகத்தையே அவர் மொழிபெயர்த்தார் என்பது மிகையாகாது.

இப்பணிக்கு அவர் பெற்றிருந்த தகுதி எது? அவரே ஒரு காலத்திற் பிறமொழியில் தட்டுத்தடுமாறிக் கற்ற மாணவர். 1902ஆம் ஆண்டில் யப்பான் சென்று, ரோக்கியோவில் முதலில் மொழியைப் பயின்றார். 1904ஆம் ஆண்டில் செண்டாய் நகர மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே உடற்கூற்றியல் கற்பித்த புஜினோ கென்குரோ என்னும் ஆசிரியர், இச்சீன மாணவர் தம் விரிவுரையைச் சரிவரக் குறித்துக்கொள்கிறாரா என ஐயுற்று, அவருடைய குறிப்பேட்டை வாங்கிச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். விடுபட்ட செய்திகளை மாத்திரமன்றி இலக்கணப் பிழைகளையும் திருத்தினார். கையின் இரத்தக் குழாய் ஒன்றைப் படத்திற் சிறிது இடம் மாற்றி லூசுன் வரைந்திருந்தார்; அழகுக்காக உண்மையை நகர்த்தலாகாது எனப் புஜினோ மென்மையாக எடுத்துரைத்தார். லூசுன் மருத்துவத்தை இடையிற் கைவிட்டு இலக்கியத்துக்குத் திரும்பினார். எனினும் அந்த ஆசிரியரை மறந்தாரல்லர். 1926ஆம் ஆண்டில் அவரைப் பற்றி நெஞ்சுருக எழுதினார். விளங்காத மொழியில் விரிவுரை கேட்கும் மாணவனின் நெஞ்சு எவ்வாறு பதைக்கும் என்பதையும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் அப்பதைப்பை எவ்வாறு தணிக்கலாம் என்பதையும் அநுபவித்து அறிந்தவர், இருபத்தைந்து ஆண்டுகளின் பின் ஷங்காய் வகுப்பறையில் அந்த ஆசிரியரின் கடமையைத் தாம் ஏற்றார்.

ககிச்சிக்கு லூசுன் அளித்த கைம்மாறும் குறிப்பிடத்தக்கது. ஜேர்மனியப் பெண் ஓவியர் கேத்தே கொல்விற்ஸ், சைலீசிய நெசவாளர் 1844ஆம் ஆண்டிற் செய்த கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்டு உருவாக்கிய ஆறு படங்களின் தொகுதியை அவர் பரிசளித்தார். மூன்று கல்லச்சு, மூன்று செப்புத்தகட்டு அச்சு ஆகிய அவ்வாறும் உலகப் புகழ்பெற்றவை. அடுத்த மாதமே, டிங் லிங் ஆசிரியராக இருந்து வெளியிட்ட இதழொன்றின் முதல் வெளியீட்டில், கொல்விற்ஸின் ‘பலி’ என்ற மரச்செதுக்கை வெளியிடச் செய்தார். தன் மகவை இரு கையாலும் ஏந்தி நீட்டும் தாயொருத்தியின் உருவம் அது. முதலாம் உலகப் போரிலே தம் மகனை 1914இல் இழந்தவர் கொல்விற்ஸ். கொலையுண்ட ரோ ஷியின் தாயோ கண்பார்வை இழந்தவர். நண்பனுக்கு வெளிப்படையாக இரங்கல் எழுதவும் இயலாத நாளிலே அப்படமே லூசுனின் இரங்கலாயிற்று. 1936ஆம் ஆண்டில் கொல்விற்ஸின் 21 படங்களைத் தொகுத்து, 103 படிகள் மட்டுமே கொண்ட பதிப்பொன்றையும் அவர் வெளியிட்டார்.

வகுப்பு முடிந்து ஒரு மாதமும் நிறைவதற்கு முன், 1931 செப்ரெம்பர் 18ஆந் திகதி, யப்பானியப் படை மஞ்சூரியாவிற் புகுந்தது. 1932 ஜனவரி 28ஆந் திகதி ஷங்காயையே தாக்கியது. வகுப்பறையில் ஒலித்த மொழி, இப்போது குண்டு வீசுவோரின் மொழி. உளியை எறிந்துவிட வேண்டுமென எவரும் கூறினரா? இல்லை. யப்பானிய ஏகாதிபத்தியம் வேறு, யப்பானியப் பள்ளி ஆசிரியர் வேறு என்பதை அவ்விளைஞர் அறிந்திருந்தனர். போர் மூண்ட அந்நாட்களில் லூசுனின் குடும்பத்துக்குப் புகலிடம் அளித்ததும் உச்சியாமா கன்சோவே. மொழி ஆள்வோரின் தனிச்சொத்தன்று. அதனைப் பேசும் பொதுமக்களும், அதிற் கற்பிக்கும் நல்லாசிரியரும் அதற்கு உரிமையுடையோர்.

இளைஞருக்கு நேர்ந்த இடுக்கண் யப்பானியரால் மட்டும் வந்ததன்று. 1932 ஜூலையில் அவர்களுடைய ஓவியச் சங்கமொன்று பொலிசாராற் சோதனையிடப்பட்டது. ஜியாங் ஃபெங்கும், பின்னாளிற் பெருங்கவிஞராகப் புகழ்பெற்ற ஐ சிங்கும் சிறை புகுந்தனர். 1933இல் ஹாங்சோ நகர ஓவிய மாணவர் சாவோ பாய் கைது செய்யப்பட்டார். சோவியத் நாட்டின் கல்வித்துறையை நடத்திய லுனசார்ஸ்கியின் உருவத்தைச் செதுக்கியமை அவருக்கு எதிரான சான்றாயிற்று. எனினும் கலை பரவியது. 1935ஆம் ஆண்டில் குவாங்சோவின் லி ஹுவா, கண் கட்டப்பட்டுக் கம்பத்திற் பிணிக்கப்பட்ட மனிதனொருவன் கட்டை அறுக்கக் கத்தியை எட்டும் காட்சியைச் செதுக்கினார். ‘சீனமே, முழங்கு’ என்ற அப்படத்தை அறியாத சீன மாணவர் அரியர். 1936 அக்டோபர் 8ஆந் திகதி, நோயுற்ற உடலுடன் லூசுன் மரச்செதுக்குக் கண்காட்சிக்குச் சென்று இளங் கலைஞருடன் உரையாடினார். பதினொரு நாட்களின் பின், 19ஆந் திகதி அவர் காலமானார்.

இதுவரை கூறியதோடு நிறுத்தினால் நம் கதை வெற்றிக் கதையாக முடியும். ஆனால் இனி வருவதே நமக்கு இன்றியமையாத பகுதி. மாணவர் இரண்டு பிறமொழிகளைக் கற்றிருந்தனர். ஒன்று, லூசுன் மொழிபெயர்த்த யப்பானிய மொழி. மற்றொன்று, எவரும் மொழிபெயர்க்காத ஐரோப்பியப் பட மொழி. ஒருபுறம் வெளிச்சம், மறுபுறம் அடர்ந்த நிழல். முகத்திற் பாதி வெண்மை, பாதி கருமை. கொல்விற்ஸிடமும் பிற மேலைநாட்டாரிடமும் கண்ட இம்முறையை அவர்கள் அப்படியே கைக்கொண்டனர். வரைதலின் அடிப்படைப் பயிற்சி போதாது, முன்மாதிரிகளை அவ்வாறே பின்பற்றுதல் ஆகாது என லூசுன் கடிதங்களில் ஓயாது எச்சரித்தார். பழைய சீன மரச்செதுக்கையும் கற்க வேண்டுமென்றார். செங் செந்துவோவுடன் சேர்ந்து, பழைய முறையில் அச்சிட்ட கடிதத் தாள்களின் தொகுதியொன்றை 1933ஆம் ஆண்டில் வெளியிட்டதும் இந்நோக்கம் பற்றியே.

எச்சரிக்கையின் உண்மை யெனானிலே விளங்கிற்று. 1938ஆம் ஆண்டில் அங்கு லூசுனின் பெயராற் கலைக் கல்லூரி நிறுவப்பட்டது. நகரங்களிலிருந்து வந்த மரச்செதுக்காளர் பலர் அங்கே திரண்டனர். அவர்களுடைய படங்களைக் கண்ட உழவர், மனிதருக்கு ஏன் பாதி முகம் கறுத்திருக்கிறது என்று வினவினர். நிழல் என்று விடை கூறலாம். அவ்விடை உழவருக்கு விளங்கவில்லை. அவர்களுடைய கதவுப் படங்களில் முகம் தெளிந்த கோட்டால், முழு வெளிச்சத்தில் இருந்தது. மக்களுக்காகச் செதுக்கிய படம் மக்களுக்கு விளங்காத பிறமொழியில் இருந்தது! அந்நிலையிற் கலைஞர் முன் இரண்டு வழிகள் இருந்தன: மக்கள் அறியாதோர் என்று சலித்துக்கொள்வது, அல்லது தாம் மீண்டும் தொடக்கநிலை மாணவராவது. அவர்களுட் சிறந்தோர் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர்.

கூ யுவான் என்ற இளைஞர் இதற்குத் தக்க சான்று. 1919இற் பிறந்த இவர், 1940இல் யெனானுக்கு அண்மையிலிருந்த நியன்சுவாங் கிராமத்தில் உழவரோடு வாழ்ந்தார். கணவனிடமிருந்து மணவிலக்குக் கோரி வந்த பெண்ணொருத்தியின் வழக்கை அவர் முதலில் நிழல் மிகுந்த முறையிற் செதுக்கினார். 1943ஆம் ஆண்டில் அதே பொருளை மறுபடியும் செதுக்கினார். இம்முறை நிழல் அகன்றது, முகங்கள் தெளிந்தன, கோடுகள் பேசின. உளி பழையதுதான், பன்னிரண்டு ஆண்டு முன்னே பிறந்த இயக்கத்தின் நுட்பமும் பழையதுதான். பேசிய மொழி மட்டும் மக்களுடையதாயிற்று.

வரலாறு இத்துடனும் நிற்கவில்லை. போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டளவில் சீன மரச்செதுக்குப் படங்கள் யப்பானிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. தோல்வியும் பசியும் சூழ்ந்திருந்த நாட்டிலே, தொழிலாளர், ஆசிரியர், கலைஞர் எனப் பலர் அவற்றைக் கண்டு உளியைக் கையில் எடுத்தனர். 1949ஆம் ஆண்டில் யப்பானிய அச்சுப்பட இயக்கக் கழகம் தோன்றியது; பள்ளிச் சிறுவருக்கு அச்சுப்படங் கற்பிக்கும் ஆசிரியர் இயக்கமும் அடுத்து வளர்ந்தது. சிறுவரின் ஆசிரியர் ஒருவர் ஷங்காயில் விதைத்தது, இருபது ஆண்டுக்குள் அவருடைய நாட்டின் சிறுவரிடமே மீண்டது. யப்பானிய ஆசிரியருக்குச் சீன மாணவர் பட்ட கடன் இவ்வாறு தீர்ந்தது எனலாம்.

உண்மையை மறையாது கூறுதல் நம் கடன். மக்கள் ஆட்சி மலர்ந்த பின்னும் இக்கலைஞர் வாழ்வு நேராக ஓடவில்லை. ஷங்காய் வகுப்பில் அமர்ந்த ஜியாங் ஃபெங், 1957ஆம் ஆண்டில் வலதுசாரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டு இருபதாண்டுக்கு மேல் ஒதுக்கப்பட்டார். 1979இல் அப்பழி நீக்கப்பட்டு, சீனக் கலைஞர் சங்கத் தலைவரானார், 1982இற் காலமானார். தாம் வளர்த்த கலைஞரின் வாயை அடைக்கும் தவறு எவ்வாட்சிக்கும் நேரலாம் என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

பிறமொழி இல்லையேல் அறிவே இல்லை என்பாரும், பிறமொழி வழி வருவன யாவும் அடிமைத்தளை என்பாரும் இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குதல் நன்று. அப்பதின்மூவருக்குப் பிறமொழி வழியாகவே நுட்பம் வந்தது. ஆனால் அதனை அவர்கள் மொழியிற் கொண்டுவந்து நிறுத்த ஒருவர் முன்வந்தார். அவர் கற்றோர் கூட்டத்தின் தலைவராயிருந்தும், கோடைக் காலைகளிலே பள்ளி ஆசிரியர் ஒருவரின் பக்கத்தில் நின்று அவர் வாய்ச்சொல்லைத் திருப்பிச் சொல்வதை இழிவென்று கருதவில்லை. அதன்பின், கற்றவர்கள் தாம் கற்ற மொழியை மக்கள் முன் வைத்துச் சோதித்தனர்; விளங்காதபோது மாற்றினர்.

பிறமொழியிற் கற்ற வாய்ப்பு நம்முட் சிலருக்கே கிடைத்திருக்கின்றது. அதனை ஏணியாக்கி ஏறிச் சென்று, ஏணியை மேலே இழுத்துக்கொள்வோர் பலர். ஒரு நூலையோ, ஒரு தொழிலின் நுட்பத்தையோ, ஒரு செய்முறையையோ, அம்மொழி அறியாத பதின்மூன்று மாணவருக்கு அவர்தம் மொழியில் விளக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒதுக்குவோர் எத்தனைபேர்? ஆசிரியராகிய நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் தகும்.